நம் ஊர்ப் பறவைகளும் நம் பிதாவும்



ஆண்டவர் நமக்குக் கொடுத்த கட்டளைகளில் பலவற்றை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும், ஜெபிக்க வேண்டும், உபவாசத்தில் முகத்தை வாடப்பண்ணக் கூடாது என்பவற்றையெல்லாம் அறிவோம். ஆனால் மலைப்பிரசங்கத்தின் நடுவே இன்னொரு கட்டளையும் இருக்கிறது. அதை ஒரு கட்டளையாக நாம் எண்ணுவதே இல்லை. மத்தேயு 6-ஆம் அதிகாரம் 26-ஆம் வசனத்தில், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லும் ஆண்டவர், அதற்கு வழியாகப் பறவைகளைப் பார்க்கச் சொல்லுகிறார். கவலைப்படாதிருக்க முயலுகிறவர்கள் நம்மில் அநேகர். பறவைகளைப் பார்க்க வெளியே புறப்பட்டவர்கள் எத்தனை பேர்?

இங்கே கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல் 'எம்ப்லெப்ஸாதே' என்பது. வழியில் போகிறபோது கண்ணில் படுவதை அது குறிப்பதில்லை. ஒன்றின்மேல் கண்ணை ஊன்றி, நின்று பார்ப்பதைக் குறிக்கிறது. இரண்டு வசனங்களுக்குப் பின் காட்டுப் பூக்களைப்பற்றிப் பேசும்போது வேறொரு சொல் வருகிறது: 'கதமாதேதே'. நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். சீஷன் என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வழங்கும் 'மதேதேஸ்' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. பறவைகளும் பூக்களும் ஆசிரியர்கள். நாம் அவற்றின் முன் மாணாக்கர். மார்ட்டின் லூத்தரும் மலைப்பிரசங்கத்திற்கு எழுதிய விளக்கத்தில் இந்தக் கருத்தையே கொண்டிருந்தார். லண்டனில் ஊழியம் செய்த ஜான் ஸ்டாட் ஐயர் தம் வாழ்நாளெல்லாம் தொலைநோக்கியோடு பறவைகளைத் தேடி அலைந்தவர். 1999-ஆம் ஆண்டு, பறவைகளே நம் ஆசிரியர்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

"ஐயா, அவர்களுக்குச் சோலையும் புல்வெளியும் இருக்கின்றன. கருவடிக்குப்பத்தில் எதைப் பார்ப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைய தியானம்.

நம் பகுதியை யார் புகழ்ந்து பேசுகிறார்கள்? மயானம் இருக்கும் இடம் என்று சொல்லுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரைச்சல் ஒரு பக்கம், லாஸ்பேட்டை மேட்டிலுள்ள விமான நிலையம் ஒரு பக்கம், நெருக்கமாய் எழும்பிய அடுக்கு வீடுகள் நடுவிலே. சர்க்கரை நோயின் நிமித்தம் மருத்துவர் என்னைக் காலையில் நடக்கச் சொன்னதால், சில ஆண்டுகளாக இந்தத் தெருக்களிலேதான் நடக்கிறேன். பார்ப்பவற்றை ஒரு பழைய நாட்குறிப்பேட்டில் எழுதி வைக்கத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகளில் அதில் 42 பறவைகளின் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. இவை அனைத்தும் நம் வீடுகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கண்டவை.

மின்கம்பியில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியை முதலில் கண்டபோது வியந்தேன். அங்கே குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வெண்தொண்டை மீன்கொத்திக்குப் பல்லியும் பூச்சியும் போதும், மீன் கட்டாயமில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். வீடு கட்டுவதற்காக விட்டுவைத்த மனைகளில் இன்னும் நிற்கும் இரண்டொரு பனைமரங்களைச் சுற்றிப் பனை உழவாரன்கள் ஓயாமல் பறக்கின்றன. தங்கள் கூட்டை எச்சிலால் பனையோலையில் ஒட்டிக் கட்டுகின்றன. மயானத்தின் சுற்றுச்சுவர் ஓரமாகக் கீரி ஒன்று தன் குட்டிகளை வரிசையாக நடத்திச் செல்வதைக் கண்டிருக்கிறேன். மரணத்தின் இடம் என்று நாம் முகம் திருப்பிக்கொண்டு போகிற அதே இடத்தில், மரங்களை வெட்ட யாரும் வராததால், ஆந்தையும் கிளியும் செம்போத்தும் குடியிருக்கின்றன. சேரில் அகப்பட்ட விதைக்கும் சுடலையின் சாம்பலுக்கும் பக்கத்திலேயே அவருடைய படைப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

குயிலைப்பற்றிச் சொல்லாமல் கருவடிக்குப்பத்தைப்பற்றிப் பேச முடியாது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த சுப்பிரமணிய பாரதியார், சித்தானந்த சுவாமி கோயிலுக்கு அருகிலிருந்த தோப்புக்கு வருவது வழக்கம். குயில் பாட்டு பிறந்தது அந்தத் தோப்பில் என்று நம் ஊரார் பெருமையோடு சொல்லுகிறார்கள். குயில் தோப்பு என்னும் பெயரும் அதனால் நிலைத்தது. அவருடைய காவியத்தில் பாடுகிற குயில் ஒரு பெண். இயற்கையிலோ, பங்குனி பிறந்தவுடன் விடியற்காலத்தில் நம்மை எழுப்பும் அந்த நீண்ட கூவல் ஆண்குயிலுடையது. கரிய உடலும் சிவந்த கண்ணும் உடையது ஆண். பெண்குயிலோ பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இலைகளுக்குள் மறைந்திருந்து, 'கிக் கிக்' என்று விரைவாய்க் குரல் கொடுக்கும். கவிஞருடைய கற்பனைக்கு இதனால் குறைவில்லை. நமக்குத்தான் ஒரு பாடம்: நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் ஊர் கொண்டாடுகிற ஒரு பறவையில் ஆண் எது, பெண் எது என்று நம்மில் அநேகருக்குத் தெரியாது.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். நம் ஊரின் பெயரை உலகமெங்கும் சுமந்து திரிகிற உயிரினங்கள் உண்டு. பியேர் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தப் பகுதிகளில் பயணம் செய்து, தாம் கண்ட பறவைகளையும் செடிகளையும் விவரித்து 1782-இல் ஒரு நூலை வெளியிட்டார். அதிலிருந்த விவரங்களைக் கொண்டு, க்மெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1789-இல் சில பறவைகளுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். நம் கவுதாரிக்கு அவர் கொடுத்த பெயர் 'பாண்டிசெரியானஸ்'. புதுச்சேரிக்குரியது என்று பொருள். காட்டுக்கீச்சான் என்னும் சாம்பல் நிறச் சிறு பறவைக்கும் அதே பெயர்தான். 1829-இல் குவியே என்னும் அறிஞர், கழுத்தின் கீழ் விசிறிபோல் விரியும் தோலையுடைய ஒரு சிறு ஓணானுக்கும் நம் ஊரின் பெயரையே சூட்டினார்.

கவுதாரி என்றவுடன் வேதம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சத்தம் கேட்க வேண்டும். 1 சாமுவேல் 26-ஆம் அதிகாரத்தில், தன்னை விடாமல் துரத்துகிற சவுலைப் பார்த்துத் தாவீது, மலைகளில் வேட்டையாடப்படும் கவுதாரிக்குத் தன்னை ஒப்பிடுகிறான். பாலஸ்தீனத்துக் கவுதாரி வேறு இனம். ஆனாலும் நெருங்கிய உறவுதான். காலாப்பட்டுப் பக்கம் முட்புதர்க் காட்டோரமாக நடந்தபோது முதன்முறை நம் கவுதாரியைக் கண்டேன். பறப்பதற்கு இறக்கை இருந்தும், ஆபத்து நெருங்கினால் அது முதலில் ஓடுகிறது. புதர்விட்டுப் புதர் ஓடி, வேறு வழியே இல்லாதபோதுதான் படபடவென்று எழும்புகிறது. குகைவிட்டுக் குகை ஓடின தாவீதின் வேதனை எனக்கு இறையியல் கல்லூரியின் வகுப்பறையில் விளங்கியதைவிட அந்தப் புதரோரத்தில் நன்றாக விளங்கியது.

நம் ஊரின் பெயரைச் சுமக்கிற இன்னொரு உயிர் கடலில் உண்டு. புதுச்சேரிச் சுறா என்று அதற்குப் பெயர், 1839-இல் விவரிக்கப்பட்டது. இன்று உலகில் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் இருக்கும் சுறாக்களில் அது ஒன்று. ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் அது உறுதியாக அகப்படுவது பல பத்தாண்டுகளாக மிக மிக அரிது. ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில், மிருகங்களையும் பறவைகளையும் தேவன் ஆதாமிடம் கொண்டுவந்தார், அவன் பேரிட்டான். பெயர் சூட்டுகிறவனுக்குப் பொறுப்பு உண்டு. பிள்ளைக்குப் பெயர் வைத்த தகப்பன் அதைக் காப்பாற்றவும் கடமைப்பட்டவன் அல்லவா? பெயர் புத்தகத்தில் இருக்க, அந்தப் பெயருக்குரிய ஜீவன் கடலில் இல்லாமற்போவது எவ்வளவு பெரிய துக்கம்!

சென்ற ஜனவரி மாதத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஊசுட்டேரிக்கு அழைத்துச் சென்றதை உங்களில் பலர் அறிவீர்கள். நகரத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் அந்த ஏரி சுமார் 800 ஹெக்டேர் பரப்புடையது. ஏறக்குறைய பாதி புதுச்சேரியிலும் மீதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதற்கு வருகிறது. 2008-இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நாமக்கோழிகள் கருப்புக் கோலப்பொட்டுகளைப்போல் நீர்மேல் பரவியிருந்தன. கூழைக்கடாக்கள் பெரிய படகுகளைப்போல் மெதுவாய் நகர்ந்தன. வாலில் ஊசிபோல் நீண்ட இறகுடைய ஊசிவால் வாத்துகளைக் காட்டி, "இவை எங்கேயிருந்து வந்தன தெரியுமா?" என்று கேட்டேன். "விழுப்புரம்?" என்றான் ஒரு சிறுவன். எல்லாரும் சிரித்தோம். அவை வட ஆசியாவின் குளிர் நாடுகளில் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம்மிடம் வருகின்றன என்றதும் பிள்ளைகள் அமைதியானார்கள். சிரித்த சிறுவன் மட்டும், "வழி யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை எரேமியா தீர்க்கதரிசியும் கேட்டிருக்கிறார். எரேமியா 8-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தில் நாரையும் காட்டுப்புறாவும் கொக்கும் தகைவிலான் குருவியும் தங்கள் காலத்தை அறிந்திருப்பதைச் சொல்லி, தேவனுடைய ஜனமோ அவருடைய நியாயத்தை அறியவில்லையே என்று அவர் புலம்புகிறார். தகைவிலான் குருவியைத் தேடி எருசலேமுக்குப் போக வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன் நம் தெருவின் மின்கம்பிகளில் வரிசையாக வந்து அமரும் பிளந்த வால் குருவி அதுதான். வெயில் ஏறினால் வடக்கே திரும்பிவிடும். இந்த வாரம் நம் ஆலயத்துக்கு எதிரேயுள்ள கம்பியில் எண்ணிப் பார்த்தேன். ஆறுதான் மீதி இருந்தன. திரும்பிப் போகும் வேளை அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. மனந்திரும்பும் காலமாகிய லெந்து நாட்களில் நமக்கு இதைவிடத் தெளிவான பிரசங்கம் வேண்டுமோ?

இனி, அனுமதி பெற்று, நம் சபையின் மூப்பர் ஒருவரைப்பற்றிச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில், அவருடைய மனைவியார் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். நாற்பத்தொரு ஆண்டு இல்லறம். கடைசியாக முகத்தைப் பார்க்கவும் அவருக்கு வாய்க்கவில்லை. அதற்குப் பின் அவர் ஆலயத்துக்கு வந்தார், காணிக்கை கொடுத்தார், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்திருந்தார், பாடவில்லை. "ஜெபம் வாயில வரமாட்டேங்குது ஐயா. கண்ணை மூடினா ஆஸ்பத்திரி வாசல்தான் வருது" என்று என்னிடம் சொன்னார். வாரந்தோறும் அவருடைய வீட்டுக்குப் போவேன். வேதம் வாசிப்பேன். வசனங்கள் அவர்மேல் மழைத்துளி ஓட்டுக்கூரையில் விழுவதுபோல் விழுந்து வழிந்தன. சில வாரங்களில் இருவரும் பேசாமல் மாடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம்.

அடுத்த ஆண்டு கோடையில், அந்த மாடிக்கு எதிரேயிருந்த வேப்பமரத்தில் ஒரு காகம் கூடு கட்டியது. கம்பித் துண்டுகளும் குச்சிகளுமாய் ஒரு கூடு. சில வாரங்கள் கழித்து அதில் இரண்டு குஞ்சுகள் தலை தூக்கின. ஒன்று காக்கைக் குஞ்சு. மற்றொன்றின் குரல் வேறாக இருந்தது. குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார், கண்டதில்லை. ஆண்குயில் காகங்களைச் சீண்டித் தூரமாய் இழுத்துக்கொண்டு போகும்; அந்த நேரத்தில் பெண்குயில் வந்து முட்டையிட்டுப் போய்விடும். குயிலின் முட்டை காகத்தின் முட்டைக்குச் சில நாட்கள் முன்னதாகவே பொரிந்துவிடும். தாய்க் காகம் இரண்டு வாய்களுக்கும் இரை கொடுத்துக்கொண்டிருந்தது. கத்திரி வெயிலில் இறக்கையை விரித்து இரண்டுக்கும் நிழல் கொடுத்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டார்: "அது தன் பிள்ளை இல்லேன்னு அந்தக் காகத்துக்குத் தெரியாதா ஐயா?"

"தெரியாதுன்னுதான் படிச்சிருக்கேன்" என்றேன்.

"தெரிஞ்சாலும் குடுக்கும்போலத்தான் இருக்கு" என்றார். பிறகு, "என் வீட்டுக்காரி இருந்திருந்தா தண்ணி வெச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், ஒரு மண்சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து மாடிச் சுவர்மேல் வைத்தார். ஓராண்டாக அவர் அந்த அம்மாளைப்பற்றி வாய்திறந்து பேசியதில்லை. அன்று மாலை மூன்று மணி நேரம் பேசினார். நான் புறப்படும்போது, ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "இன்னிக்கு நான் பண்றேன்" என்றார். மிகச் சிறிய ஜெபம். காகத்துக்கும் இரண்டு குஞ்சுகளுக்கும் ஸ்தோத்திரம் சொன்னார், அவ்வளவுதான்.

பிரியமானவர்களே, ஒரு பறவையைப் பார்த்தால் துக்கம் தீர்ந்துவிடும் என்று நான் உங்களுக்குப் போதிக்கவில்லை. அவருடைய துக்கம் இன்றும் தீரவில்லை. அவர் பக்கத்து இருக்கை இன்றும் காலியாகவே இருக்கிறது. ஆனால் அடைபட்டிருந்த ஒரு கதவு அன்று ஒரு விரற்கடை திறந்தது. எந்தப் பிரசங்கத்தினாலும் திறவாத அந்தக் கதவை, நாம் கல்லெறிந்து துரத்துகிற ஒரு காகத்தைக்கொண்டு கர்த்தர் திறந்தார்.

அவர் காகத்தைத் தெரிந்துகொண்டது இது முதன்முறை அல்ல. மத்தேயு பொதுவாகப் பறவைகள் என்று எழுதின இடத்தில், லூக்கா 12-ஆம் அதிகாரம் 24-ஆம் வசனத்தில் காகங்கள் என்றே பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தின்படி காகம் தீட்டான பறவை. யூதர் அதைப் புசிக்கவும் கூடாது, பலியிடவும் கூடாது. பயனற்றது என்று தள்ளப்பட்ட அதற்கும் ஆகாரம் கொடுக்கிறவர் பிதா. யோபு 38-ஆம் அதிகாரத்தில், துன்பத்தில் கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவிடம், காக்கைக் குஞ்சுகள் பசியால் கூப்பிடும்போது இரை தருகிறவர் யார் என்று கர்த்தர் திருப்பிக் கேட்கிறார். தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம் குஞ்சுகளைப்பற்றிப் பேசுகிறாரே, இது என்ன ஆறுதல் என்று இளமையில் நான் தடுமாறினதுண்டு. அந்த மாடியில் உட்கார்ந்திருந்தபோது அதன் இரக்கம் எனக்குச் சற்றே விளங்கியது. யோபுவின் கண்கள் தன் புண்களையும் சாம்பலையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன. கர்த்தர் அவன் முகத்தைப் பிடித்து மெதுவாக வெளியே திருப்புகிறார்.

குருவிகளின் கணக்கையும் பாருங்கள். மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் இரண்டு காசுக்கு ஐந்து. நாலு வாங்கினால் ஒன்று இலவசம். நம் பெரிய மார்க்கெட்டில் கீரைக் கட்டோடு கொத்துமல்லி கொசுறாகக் கிடைப்பதுபோல. விலையே இல்லாத அந்த ஐந்தாவது குருவியையும் தேவன் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். சிட்டுக்குருவிக்கு நம் தமிழ் வேதாகமம் கொடுத்திருக்கும் பெயர் அடைக்கலான் குருவி. அடைக்கலம் என்னும் சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. 84-ஆம் சங்கீதத்தில் அந்தக் குருவிக்குக் கர்த்தருடைய பலிபீடத்தண்டையிலேயே வீடு கிடைத்திருக்கிறது.

அப்படியானால் நம் ஆலயத்தில் அதற்கு வீடு உண்டா? சென்ற ஆண்டு இந்தக் கேள்வி நம் சபைக் கமிட்டியின் முன் வந்தது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் ஊரின் மரங்களையெல்லாம் சாய்த்துப்போட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். மறு ஆண்டு, நம் வளாகத்தின் வடகிழக்கு மூலையில் பெண்கள் ஐக்கியத்தார் ஒரு புங்கங்கன்றை நட்டார்கள். இன்று அது ஆலயக் கூரைக்கு மேலே வளர்ந்து நிற்கிறது. வளாகம் முழுவதும் சிமெண்ட் கல் பதித்து வாகனம் நிறுத்த இடம் செய்யவேண்டும், வேர் சுற்றுச்சுவரைப் பெயர்க்கிறது, ஆகையால் மரத்தை எடுத்துவிடலாம் என்று யோசனை வந்தது. அந்த யோசனையில் நியாயம் இருந்தது. முழங்கால் வலியுள்ள முதியோர் தெருமுனையிலிருந்து நடந்து வருகிறார்கள். நம் வண்டிகள் தங்கள் வாசலை மறைக்கின்றன என்று அண்டை வீட்டார் வருந்துகிறார்கள். அன்பின் பேரால் பேசுகிறவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்.

நான் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் 6, 7 வசனங்களை வாசித்தேன். வழியில் ஒரு கூட்டைக் கண்டால் தாயைப் போகவிட வேண்டும் என்னும் சிறிய கட்டளை அது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுகிறவர்களுக்குக் கொடுத்த அதே வாக்குத்தத்தத்தை, நன்மையையும் நீடித்த நாட்களையும், ஒரு பறவைக் கூட்டின் விஷயத்திலும் கர்த்தர் கொடுக்கிறார். உபாகமம் 20-ஆம் அதிகாரத்தில், பட்டணத்தை முற்றுகையிடும் யுத்தகாலத்திலும் கனிதரும் மரத்தின்மேல் கோடரி ஓங்கக் கூடாது என்று இருப்பதையும் வாசித்தேன். அதற்கு ஒருவர், "புங்கம் கனி மரம் இல்லையே ஐயா" என்றார். உண்மைதான்; எனக்கு மறுமொழி இல்லை.

அப்போது அந்த மூப்பர் எழுந்தார். "அந்தக் கன்னுக்குக் குழி வெட்டினது நான். தண்ணி ஊத்தினது அவ. அதுக்காக நான் கேக்கலை. மரத்துல இப்போ தேன்சிட்டு கூடு தொங்குது, காக்கா கூடு ஒண்ணு இருக்கு. அவங்களும் இந்தச் சபைக்கு வர்றவங்கதான். அவங்களுக்கும் ஒரு ஓட்டு குடுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

மரம் நிற்கிறது. சுவரை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினோம். அதற்கு ஆன செலவை உங்களில் பலர் மனமுவந்து கொடுத்தீர்கள். பாதி வளாகத்தில் மட்டும் கல் பதித்தோம். முதியோரை ஞாயிறுதோறும் வாசல்வரை கொண்டுவந்து விட வாலிபர்கள் ஆட்டோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கார் வைத்திருப்போர் முதன்மைச் சாலையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். இதில் இன்னும் மனக்குறை உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்களுடைய பொறுமைக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். தியாகம் இல்லாமல் யாருக்கும் அடைக்கலம் கொடுக்க முடியாது.

இந்த லெந்து நாட்களில் நாம் கைக்கொள்ளக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நாள்தோறும் பத்து நிமிடம் கைப்பேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, மாடியிலோ வாசலிலோ நின்று ஒரு பறவையைக் கண் ஊன்றிப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். அதன்பின் உங்கள் கவலையைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். ஆண்டவர் சொன்ன வரிசை அதுவே: முதலில் பார்வை, பிறகு விசுவாசம்.

இரண்டாவது, அகன்ற மண்சட்டியில் ஆழமில்லாமல் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாதபடி தினமும் மாற்றுங்கள்.

மூன்றாவது, கடற்கரையோரம் வசிக்கும் நம் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேல். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவந்து, கடல்மேல் தெரியும் மங்கிய ஒளியை நோக்கி நகரும். கரையில் பிரகாசமான விளக்கு எரிந்தால் அதையே கடலென்று எண்ணிச் சாலைப் பக்கம் வந்து மாண்டுபோகும். இந்த மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணையுங்கள். முட்டைக் குழியைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். உலகத்தின் வெளிச்சமாயிருக்க அழைக்கப்பட்ட நாம், சில இரவுகளில் விளக்கை அணைப்பதும் ஊழியமே.

நான்காவது, துக்கத்தில் இருக்கிற ஒருவரை இந்த வாரம் சந்திக்கப் போங்கள். சொல்லுவதற்கு வார்த்தை இல்லையென்று தயங்க வேண்டாம். அவரோடு வெளியே வந்து உட்காருங்கள். மீதியைக் கர்த்தர் யாரைக்கொண்டு செய்வார் என்பது நமக்குத் தெரியாது.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, ஊசுட்டேரியின் வாத்துகளுக்கு வழி காட்டினவரே, எங்கள் தெருக் காகத்துக்கும் இரை தருகிறவரே, எங்கள் வாசலில் நீர் வைத்திருக்கிற ஆசிரியர்களிடம் கற்றுக்கொள்ளத் தாழ்மையைத் தாரும். ஜெபிக்க வார்த்தையற்றிருப்போரை இன்று நினைத்தருளும். நீர் படைத்தவற்றுக்கு நாங்கள் இடம் கொடுக்கவும், எங்களுக்கு நீர் கொடுத்த இடத்தை மறவாதிருக்கவும் கிருபை செய்யும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.